கல்யாண வீட்டு வாசனையோடு போனாள் கோமளா

கோமளா இறந்த செய்தி வந்தபோது என் கையில் ஓர் அரக்கு நிற முகூர்த்தப் பட்டு பாதி விரிந்திருந்தது. எதிரே வந்தவாசியிலிருந்து வந்த பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கடையில் வியாபார நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. ஆனால் அது விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்தேன். கோமளாவின் மகள் பவித்ரா, வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "ஸ்டெல்லா ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். புடவையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தால் அதற்கும் கோமளா என்னைத் திட்டியிருப்பாள்.

மறுநாள் காலை அவள் தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். உறவுக்காரர்கள் வைத்தது. 'பொறுமையின் சிகரமே, அடக்கத்தின் உருவமே' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே நின்று எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் இவர்கள்? ஆரணியில் அவளிடம் புடவை வாங்கியவர்கள், அவளோடு பஸ்ஸில் வந்தவர்கள், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும், அவள் பொறுமைசாலி இல்லை. அடக்கம் அவள் இருந்த திசையிலேயே கிடையாது. அந்த பிளெக்ஸுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் அவளும் ஒரே வாரத்தில் அந்தப் பட்டுக் கடையில் சேர்ந்தவர்கள். முதல் மாடியில் கல்யாணப் பட்டுப் பிரிவு. அவள் பேச்சுக்காகவே அவளைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. "இந்தக் கலர் உங்க பொண்ணுக்கு எடுபடாதுங்க. போட்டோவுல கறுத்துப் போவும். வேற காட்டறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். விலை அதிகமானதைத்தான் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தவர்கள், அவள் காட்டுகிற அடுத்த புடவை அதைவிட மலிவாக இருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் மேனேஜர் பூக்கூடையோடு வருவார். விற்பனைப் பெண்கள் வரிசையாக நிற்போம். ஆளுக்கொரு முழம் மல்லி, கடைச் செலவு. தலையில் பூ இருந்தால்தான் யூனிபார்ம் முழுமை. நான் கிறிஸ்தவப் பெண். எனக்கும் அதே மல்லிதான்.

கோமளாவின் கணவர் செல்வம் வயரிங் வேலை செய்துகொண்டிருந்தவர். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று காலை வரிசையில் என் பக்கத்தில் நின்றாள். பூக்கூடை என்னிடம் வந்தது, எனக்கு ஒரு முழம் கிடைத்தது, கூடை அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போனது. மேனேஜர் கெட்டவர் இல்லை. அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். அப்புறம் கீழ்த்தளத்துக்கு, துண்டு வேட்டிப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

"மாடியில முகூர்த்தப் பொடவைம்மா. கஸ்டமருங்க எதுனா நெனச்சுப்பாங்க."

"போன மாசம் வரைக்கும் நான் மடிச்சி வெச்ச பொடவைங்க எல்லாம் மேலதான் சார் இருக்குது. அதுங்களுக்கு இன்னா பண்ணப் போறீங்க, மஞ்சத் தண்ணி தெளிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் கோமளா.

அவள் கீழே இறங்கிப் போனாள். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீடு இருந்தது. மாதக்கணக்கில் துண்டு விற்றாள். சாப்பாட்டு வேளையில் மட்டும் மாடியேறி எங்களோடு வந்து உட்காருவாள். மாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் பவித்ரா, அம்மாவுக்கு ஒரு சென்ட் பாட்டில் அனுப்பினாள். உள்ளங்கையில் அடங்குகிற காபி நிறக் கண்ணாடி பாட்டில். காபியும் பூவும் கலந்த வாசனை என்று டப்பாவில் போட்டிருந்தது. கோமளா அதைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"காபியும் பூவும் சேத்து ஒரு சென்ட்டாம். டிபன் எங்கன்னு கேக்கணும் இவள" என்றாள்.

ஆளாளுக்கு மூடியைத் திறந்து மோந்து பார்த்து அபிப்பிராயம் சொன்னோம். ஒருத்தி தலைவலி வருகிறது என்றாள். எனக்கு மருந்து மாதிரி இருந்தது. கோமளா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். "மூடியில மோந்துட்டு சொல்றதெல்லாம் ஜோசியம். ஒரு நாள் முழுக்க மேல கெடக்கட்டும். வேர்வை, பஸ்ஸு, சமையல் எல்லாத்தையும் அது பாக்கட்டும். அப்புறம் மார்க் போடலாம்."

மறுநாள் பூசிக்கொண்டு வந்தாள். பிடரியிலும் காதுக்குக் கீழேயும் மட்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டுகூட இல்லை. பட்டில் சென்ட் பட்டால் கறை நிற்கும், ஜரிகை கறுக்கும். துண்டுப் பிரிவுக்குத் துரத்தியும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை. அன்று முழுக்க இடைவெளி கிடைத்தபோதெல்லாம் எங்களில் யாரையாவது கூப்பிட்டுக் கழுத்தைக் காட்டினாள். காலையில் ஸ்பிரிட் நெடி போனதும் காபி வந்தது. கடையில் நம் கண்ணெதிரே அரைத்துக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பார்களே, அந்தச் சூடான தூள். கொஞ்சம் கூடுதலாக வறுத்தது. வெயில் ஏற ஏற அதன் அடியிலிருந்து மல்லி கிளம்பியது. மொட்டு இல்லை, நன்றாக மலர்ந்தது. கூடவே எலுமிச்சம்பூ மாதிரி ஏதோ ஒரு வெள்ளைப்பூ. மத்தியானத்துக்கு மேல் இரண்டும் கலந்து பாலும் சர்க்கரையுமாக ஆனது.

சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் அவள் தன் முந்தானையைக் கழுத்தில் ஒற்றி மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஸ்டெல்லா, இது இன்னான்னு தெரியுதாடி? கல்யாண வீடுடி இது. விடியக்காலம். பின்பக்கம் அண்டா அண்டாவா காபி போடறாங்க. முன்னால பூக்கூடை வந்து எறங்குது. அந்த வாசனை."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அதேதான். முகூர்த்த நாள் விடியற்காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, அச்சு அசல் அது.

"என்னிய கல்யாண வீட்டுல முன்னால வந்து நிக்காதன்னுதான சொல்றாங்க? நான் நிக்கல. கல்யாண வீட்டையே கழுத்துல போட்டுகினு வர்றேன். இன்னா பண்ணுவாங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். செல்வம் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு கீழ்த்தளத்தில் நடந்தது பெரிய வேடிக்கை. துண்டு வாங்க வருகிற பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். மல்லி வாசனை இவளிடமிருந்துதான் வருகிறது என்று தெரியும். மெதுவாக எட்டி அவள் பின்னலைப் பார்ப்பார்கள். பூ இருக்காது. மறுபடி முன்னால் பார்ப்பார்கள், மறுபடி பின்னால். கோமளா எதுவுமே தெரியாதவள் போல் துண்டை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் தெள்ளாரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்க வந்தார்கள். பெண்ணின் அத்தை நேராகக் கேட்டுவிட்டார். "இன்னாம்மா, பூ வாசனை வருது, தலையில பூவ காணமே?"

"பூ இல்லீங்க. ஊட்டுக்காரர் தவறிட்டாரு. வாசனை மட்டும் வெச்சிகினு இருக்கறேன்" என்றாள் கோமளா.

அந்த அம்மாள் கையிலிருந்த வேட்டியை மேசையில் போட்டார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படியா என்று மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டார். வாங்காமலே போனார்கள். மேனேஜர் கோமளாவைக் கூப்பிட்டார். "உன்னால தெனம் பேஜாராப் போச்சும்மா. நாளையிலருந்து இந்த சென்ட்டப் போட்டுகினு வர்றதா இருந்தா நீ வேலைக்கே வராத" என்றார். எல்லோர் எதிரிலும் சொன்னார்.

சாயங்காலம் பஸ் நிலையம் வரை நாங்கள் சேர்ந்து நடந்தோம். நான் கண்ணமங்கலம் பஸ் பிடிக்க வேண்டும். "இன்னாடி செய்யப் போற?" என்று கேட்டேன். "போட்டுகினுதான் வருவேன். தொரத்தட்டும்" என்றாள். வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். எனக்கு அப்போது வந்த கோபத்தில் பஸ்ஸைக்கூட விட்டேன்.

"பாட்டில எடுத்துகினு ஜல்தியா வா நாளைக்கு. எனக்கும் வேணும்" என்றேன்.

மறுநாள் கடை திறக்கும் முன்பு உடை மாற்றும் அறையில் விற்பனைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்தோம். விஷயத்தை நான்தான் சொன்னேன். இன்றைக்கு யாரும் பூ வாங்கக் கூடாது. எல்லோரும் இந்த சென்ட்டைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்குப் புருஷன் இருக்கிறான், யாருக்கு இல்லை என்று தலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். சிலர் உடனே கழுத்தைக் காட்டினார்கள். தேவகி மட்டும் தயங்கினாள்.

"அவரு உசுரோட இருக்கறப்ப குடுக்கற பூவ வேணாம்னு சொல்றது தப்பில்லியா? எதுனா ஆயிடுச்சின்னா?"

கோமளா அவளைப் பார்த்தாள். "உன் புருஷன் உசுரு ஒரு முழம் மல்லியிலதான் தொங்கிகினு இருக்குதுன்னா, அவர மொதல்ல டாக்டராண்ட காட்டுடி."

அறையே சிரித்தது. ஆனால் தேவகியின் கண் கலங்கிவிட்டது. உடனே கோமளா அவள் தோளில் கைவைத்து, "நீ பூவும் வாங்கிக்க, இதுவும் போட்டுக்க. உன் இஷ்டம்டி. எனக்கு அதுல ஒரு கோவமும் இல்ல" என்றாள். தேவகி அப்படியே செய்தாள். அன்றைக்குக் கடையில் தலையில் பூவோடு நின்றவள் அவள் ஒருத்திதான்.

மேனேஜர் கூடையோடு வந்தார். என்னிடம் நீட்டினார். "வேணாம் சார்" என்றேன். அடுத்தவள், "எனக்கும் வேணாம் சார்." வரிசை முழுக்க அதே பதில். தேவகிக்குக் கொடுத்த ஒரு முழம் போக மிச்சம் அத்தனை பூவையும் அவர் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் போட்டார். சாமி முகமே தெரியவில்லை.

முதலாளி வந்ததும் வாசலிலேயே நின்றார். கடை முழுக்க மண்டபம் மாதிரி மணத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி கோமளாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பட்டுல படுதா?"

கோமளா இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். "மோந்து பாருங்க மொதலாளி. கையில ஒரு சொட்டு இல்ல. உங்க பொடவைய நான் கெடுக்க மாட்டேன்."

அவர் மோந்து பார்க்கவில்லை. கல்லாவில் போய் உட்கார்ந்து கணக்கைப் பார்க்க ஆரம்பித்தார். கோமளா அரை நிமிஷம் நின்றாள். பிறகு துண்டுப் பிரிவுப் பக்கம் திரும்பாமல் மாடிப்படி ஏறினாள். மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலை நிமிரவில்லை. அன்று மேலே போனவளை அதன்பிறகு யாரும் கீழே அனுப்பவில்லை. முதலாளி மனம் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் சும்மா இருந்தார், எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவளையே கேட்டு வந்த வீட்டார் சிலர் உண்டு. அவளை வேண்டாம் என்று எழுந்து போன வீட்டாரும் உண்டு. கோமளா அந்தப் புடவைகளை மடித்து வைத்துவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிடுவாள்.

அதற்குப் பிறகு சென்ட்டுக்கு மார்க் போடுவது எங்கள் சாப்பாட்டு அறையின் வேலையாகிவிட்டது. பவித்ரா சின்னச் சின்னக் குப்பிகளில் விதவிதமாக அனுப்புவாள். எங்களோடு வேலை பார்க்கும் நஸ்ரீன் வேலூரிலிருந்து அத்தர் கொண்டுவருவாள். கோமளாவின் விதி ஒன்றுதான், ஒரு நாள் முழுக்க மேலே இருக்க வேண்டும். "காலையில எல்லாம் நல்லாத்தான் இருக்கும். சாயந்தரம் பஸ்ஸுல நசுங்கி நிக்கும்போது எப்படி இருக்குதுன்னு பாரு" என்பாள். விலை உயர்ந்த ரோஜா ஒன்றை மத்தியானத்துக்குள் கழுவிவிட்டு வந்தாள். தனக்குப் பிடித்த அந்தக் காபிப்பூ சென்ட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அது திகட்டுகிறது என்பது அவள் கட்சி. "பால்ல சக்கரைய கொட்டிட்டான். காபி போடத் தெரியாதவன் எவனோ செஞ்சது" என்பாள். உன்னைக் காப்பாற்றிய சென்ட் ஆயிற்றே என்று ஒரு மார்க் சேர்த்துப் போடேன் என்றால் கேட்க மாட்டாள். "புடிச்சிருக்குதுன்னு பொய் சொல்ல முடியுமா? கொறையோடதான் புடிச்சிருக்குது."

சிறுநீரகம் கெட்டு வேலூரில் படுத்திருந்தபோது அந்த பாட்டிலைக் கேட்டாள். நான் கொண்டுபோனேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு மூச்சுத் திணறல், சென்ட் வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். கோமளா சண்டை போடுவாள் என்று நான் பயந்தேன். "அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்டி, உள்ள வை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் போனா மட்டும் பன்னீர் தெளிச்சி அனுப்பிடாதீங்க. அந்த ரோசு எனக்கு ஆவாது" என்றாள். அவளைத் திட்டிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

ஆரணியில் அவள் வீட்டுக் கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலி இறந்தால் மஞ்சள், குங்குமம், தலை நிறையப் பூ என்று ஜோடிப்பார்கள். இவளுக்கு வெறும் நெற்றி. வாரி முடிந்த தலை. கால்மாட்டில் பன்னீர் பாட்டில் இருந்தது. நான் பையிலிருந்து அந்த சென்ட் பாட்டிலை எடுத்ததும் அவள் நாத்தனார் என் கையைப் பிடித்தார்.

"இன்னாம்மா இது? தாலியறுத்தவளுக்கு இன்னாத்துக்கு சென்ட்டு? நாலு பேரு வந்து பாக்கற எடம்."

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் பவித்ரா எழுந்து என்னிடமிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள். "எங்க அம்மாவுக்கு நான் போடறேன் அத்த. நாலு பேரும் பாக்கட்டும்" என்றாள். அம்மாவின் தலையை லேசாகத் தூக்கிப் பிடரியில் அடித்தாள். காதுகளுக்குக் கீழே அடித்தாள். அடியில் இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும்.

சாவு வீட்டில் உடல் எடுக்கும் வரை அடுப்பு மூட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காபி டீ எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். மின்விசிறிக் காற்றில் அந்த வாசனை கூடத்தைத் தாண்டி வெளியே ஷாமியானா வரைக்கும் போனது. செல்வத்தின் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எவ அடுப்ப பத்த வெச்சது? பொணம் ஊட்டுக்குள்ள கெடக்குது, அதுக்குள்ள காபி கேக்குதா?"

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பாத்திரங்களின் மூடியைத் திறந்து பார்த்தார். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார். எல்லாம் சில்லென்று கிடந்தது. திரும்பிக் கூடத்துக்கு வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"அடுப்பு இல்ல தாத்தா. அம்மாதான்" என்றாள் பவித்ரா.

அவர் கோமளாவின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். அப்போது காபிக்கு மேலே மல்லி வர ஆரம்பித்திருந்தது. பிறகு வெளியே போய் உட்கார்ந்தார். பவித்ரா என்னைப் பார்த்தாள். அடக்க முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் கோமளா மேலேயே கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். அழுகிறோம் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் அது அழுகையாகவும் ஆகிவிட்டது. நாத்தனார் பன்னீரைத் தெளிக்கத்தான் செய்தார். அது எடுபடவில்லை.

இதெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது கண்ணமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். பெண், சித்திமார், மாமன் வீட்டார் என்று பெரிய கூட்டம். முகூர்த்தப் புடவை முடிவானது. பெண்ணின் அம்மா மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வெறும் நெற்றி. புடவை கைக்குக் கை மாறி எல்லோரிடமும் போனது, அவரிடம் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. பெண் மட்டும் திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

புடவையை பில் போடக் கீழே எடுத்துப் போக வேண்டியது என் வேலை. நான் அதை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி அந்த அம்மாவிடம் போனேன். "நீங்க எடுத்துகினு வாங்கம்மா" என்றேன்.

"அய்யோ, நானு வேணாங்க" என்று அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சித்தி ஒருத்தி, "அவங்க தொட மாட்டாங்க, நீ எங்ககிட்ட குடும்மா" என்றாள். மேனேஜர் படியருகே நின்று என்னை முறைத்தார். எனக்குக் கோமளாவின் வாய் கிடையாது. ஆனால் நான் நகரவில்லை.

"பெத்தவங்க தொடாத பொடவைய நான் பில்லு போட மாட்டேங்க" என்றேன்.

அந்த அம்மா மகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

கோமளாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் திமிர் ஒன்றுதான். பிளெக்ஸில் எழுதாமல் விட்டதும் அதைத்தான். அந்த அம்மா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் படியிறங்கினார். மற்ற அத்தனை பேரும் அவர் பின்னால் வந்தார்கள்.